இத்தாலி பிறந்த மண்டபம் எது? கரிஞானோ அரண்மனை பற்றி ஒரு பதில்

வட இத்தாலியில் உள்ள டூரின் நகரத்துக் கரிஞானோ அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "இத்தாலி என்ற நாடு பிறந்த இடம் இதுதான் என்கிறார்கள். உள்ளே சின்னதாக ஒரு சபை மண்டபமும் பெரிதாக இன்னொன்றும் இருக்கின்றன. எதில் அறிவித்தார்கள்? ஓர் அரண்மனைக்கு அப்படி ஒரு பங்கு உண்மையிலேயே உண்டா, அல்லது சுற்றுலா வருகிறவர்களுக்காகச் சொல்வதா? என் மகளின் பாடப்புத்தகமோ 1870 என்று போட்டிருக்கிறது." மூன்று கேள்விகள் மாதிரி தெரிந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இத்தாலி உருவானதில் அந்தக் கட்டடம் வெறும் மேடையாக இருந்ததா, இல்லை அதற்கும் மேலே ஏதாவது செய்ததா? 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியல் வரலாற்றைக் கல்லூரியில் நெடுநாள் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டடக்கலை என் துறை இல்லை. அந்தப் பக்கத்தைக் கொஞ்சமாகத்தான் தொடுவேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: நீங்கள் பார்த்த இரண்டு மண்டபங்களிலும் இல்லை. அந்தச் சின்ன மண்டபம், இத்தாலி ஒன்றாவதற்கு முன் டூரினைத் தலைநகராகக் கொண்டிருந்த சார்டினியா அரசின், அதாவது பியட்மாண்டின், பிரதிநிதிகள் சபை கூடிய இடம். 1848 முதல் 1860 டிசம்பர் வரை அங்கே சபை நடந்தது. இத்தாலியின் பிரதிநிதிகள் சபைக்கென்று கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தில் ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. இத்தாலியின் முதல் நாடாளுமன்றம் கூடியது அரண்மனை முற்றத்தில் அவசரமாக எழுப்பிய ஒரு தற்காலிக மண்டபத்தில். அது இன்று இல்லை. அதனால்தான் வழிகாட்டிகள் "இங்கேதான்" என்று சொல்லும்போது கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பலருக்கும் குழப்பம் வருகிறது.

அந்த அரண்மனைக்கு ஏன் இந்த வேலை வந்து சேர்ந்தது என்பதற்கு அதன் குடும்பக் கதை தெரிய வேண்டும். பியட்மாண்டை ஆண்ட சவோய் அரச குடும்பத்தில் கரிஞானோ என்பது ஒரு கிளை. மூத்த கிளை அரசாண்டது. இளைய கிளையினர் தங்களுக்கென்று ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1679இல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் குவாரினோ குவாரினி, கணிதமும் அறிந்த ஒரு துறவி. முகப்பு முழுக்கச் செங்கல். அது நேர்ச்சுவராக இல்லாமல் உள்வளைந்து, வெளியே புடைத்து, மறுபடியும் உள்வளைந்து போகும். முதல் தளத்துச் சன்னல்களுக்கு மேலே உற்றுப் பார்த்தீர்களானால் சுட்ட மண்ணில் செய்த தலைகளும் அவற்றைச் சுற்றி இறகுகளும் தெரியும். கரிஞானோ பெயர் தாங்கிய படைப்பிரிவு ஒன்று 1665இல் கனடாவுக்குப் போய் இராக்குவாய் பழங்குடி மக்களுடன் போரிட்டது. அதன் நினைவாகத்தான் அந்த இறகுத் தலைகள் என்பது பலரும் தரும் விளக்கம். படைப்பிரிவு போனது உறுதி. அலங்காரத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பரவலாக ஏற்றுக்கொண்ட ஒரு விளக்கம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளைய கிளையின் வீடாக இருந்ததுதான் பின்னால் முக்கியமாயிற்று. மூத்த கிளையில் ஆண் வாரிசு இல்லாமல் போக, கரிஞானோ கிளையைச் சேர்ந்த கார்லோ ஆல்பெர்த்தோ 1831இல் அரசரானார். அவர் இந்த அரண்மனையில் பிறந்தவர். அவருடைய மகன் விட்டோரியோ எமானுவேலேயும் 1820 மார்ச் 14 அன்று இங்கேதான் பிறந்தார். முகப்பின் உச்சியில் பெரிய எழுத்துகளில் "இங்கே பிறந்தார் இரண்டாம் விட்டோரியோ எமானுவேலே" என்று பொறித்திருப்பது இதைத்தான். குடும்பம் அரசரின் அரண்மனைக்குக் குடிபெயர்ந்ததும் இந்த வீடு அரசாங்க வேலைகளுக்குக் காலியாகக் கிடைத்தது.

அதற்கு முன்பே, 1821இல், ஒரு முன்னோட்டம் நடந்துவிட்டது. அரசர் பதவி விலக, புதிய அரசர் ஊரில் இல்லாத நேரத்தில் கார்லோ ஆல்பெர்த்தோ பொறுப்பாளராக இருந்தார். அரசியலமைப்பு வேண்டும் என்று கூட்டம் இந்த அரண்மனை முன்னால் திரண்டது. மார்ச் 13 அன்று அவர் அதற்கு இணங்கினார். புதிய அரசர் கார்லோ ஃபெலீச்சே அதை ஏற்க மறுத்துவிட்டார். கார்லோ ஆல்பெர்த்தோ நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அரசியலமைப்பைக் கேட்டு மக்கள் வந்து நின்ற வாசல் என்ற நினைவு மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

இனிதான் விஷயத்தின் மையம். 1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. இத்தாலியத் தீபகற்பத்தில் நேப்பிள்ஸ், டஸ்கனி, போப்பின் ஆட்சிப் பகுதி என்று ஆளாளுக்கு அரசியலமைப்பு கொடுத்தார்கள். கார்லோ ஆல்பெர்த்தோவும் 1848 மார்ச் 4 அன்று ஒன்றைக் கொடுத்தார். அதன்படி மே மாதம் டூரினில் நாடாளுமன்றம் கூடியது. மேலவைக்கு மதாமா மாளிகை. பிரதிநிதிகள் சபைக்குக் கரிஞானோ அரண்மனையின் பழைய நடனக் கூடம். 204 பேர் உட்காருகிற மாதிரி அரைவட்டமாகப் படிப்படியான இருக்கைகள் போட்டார்கள். நீங்கள் பார்த்த சின்ன மண்டபம் அதுதான். ஓராண்டுக்குள் எல்லாம் தலைகீழானது. 1849 மார்ச்சில் நோவாரா போரில், வட இத்தாலியின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரியாவிடம் தோற்றதும் கார்லோ ஆல்பெர்த்தோ முடி துறந்தார்; மகன் விட்டோரியோ எமானுவேலே அரசரானார். மற்ற இத்தாலிய ஆட்சியாளர்கள் எல்லாரும் கொடுத்த அரசியலமைப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். டூரினில் மட்டும் அது நிலைத்தது. இத்தாலி முழுவதிலும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை ஒன்று கூடிப் பேசுகிற ஒரே இடமாகப் பத்தாண்டுகள் அந்த நடனக் கூடம் இருந்தது.

அதன் விளைவு எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள் டூரினுக்கு வந்து சேர்ந்தார்கள். நேப்பிள்ஸ் சிறையிலிருந்து வெளியேறிய பிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸ் இங்கே வந்து இலக்கியம் கற்பித்தார். பின்னாளில் இத்தாலியின் கல்வி அமைச்சரானார். தெற்கிலிருந்து வந்த மன்சீனிக்குப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பிக்கும் பதவி கிடைத்தது. ரொமாஞ்ஞா பகுதியைச் சேர்ந்த ஃபரீனி இந்தச் சபையிலேயே உறுப்பினரானார்; அமைச்சரும் ஆனார். பியட்மாண்டுக்காரர் அல்லாத ஒருவர் பியட்மாண்டின் சபையில் எழுந்து நின்று எல்லா இத்தாலியர்களின் பெயராலும் பேசலாம் என்ற வழக்கம் அங்கே உருவாயிற்று. நாடு வருவதற்கு முன்பே நாட்டின் சபை மாதிரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால் இந்த அரண்மனையின் உண்மையான பங்கு இந்தப் பத்தாண்டுகள்தான். 1861இல் நடந்த அறிவிப்பு இதற்குப் பிறகு வந்த கையெழுத்து.

பியட்மாண்டு அரசியல்வாதி காவூரின் அரசியல் முழுவதும் அந்த அரைவட்டத்தில் பழகியது. 1852இல் வலதுசாரி மிதவாதியான அவர் இடது பக்கத்து ரத்தாஸியுடன் கைகோத்துச் சபையில் ஒரு நடுப் பெரும்பான்மையை உண்டாக்கினார். அந்த ஆண்டே பியட்மாண்டின் பிரதமர் ஆனார். கிரிமியப் போருக்குப் படை அனுப்புவது பற்றி 1855இல் அங்கே காரசாரமாக விவாதம் நடந்தது. பியட்மாண்டுக்கு அந்தப் போரில் நேரடியாக எந்த வழக்கும் இல்லை; ஆனால் அடுத்த ஆண்டு பாரிஸ் மாநாட்டில் உட்கார இடம் கிடைத்தது. 1859 ஏப்ரல் 23 அன்று ஆஸ்திரியாவுடன் போர் வாசலில் நின்றபோது அரசுக்கு முழு அதிகாரமும் கொடுத்தது இந்தச் சபை. நீஸ், சவோய் இரண்டையும் பிரான்சுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து 1860 ஏப்ரலில் தன்னார்வப் படைத் தலைவர் கரிபால்டி எழுந்து பேசியதும் இங்கேதான். அவர் பிறந்த ஊர் நீஸ். அந்தத் தொகுதியின் உறுப்பினராகவே பேசினார். பலன் இல்லை. மே 5 அன்று ஆயிரம் பேருடன் சிசிலிக்குக் கப்பலேறினார்.

சரி, அரண்மனைக்கு வெளியே நடந்ததை மறைத்துவிட்டு இதைச் சொல்லக்கூடாது. இத்தாலி சபைப் பேச்சால் மட்டும் வந்ததில்லை. 1858 ஜூலையில் ப்ளோம்பியேர் என்ற ஊரில் காவூரும் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் ரகசியமாகப் பேசி முடித்தது சபைக்குத் தெரியாது. 1859 போரில் மஜெந்தாவிலும் சொல்ஃபெரினோவிலும் பிரெஞ்சுப் படை இல்லாமல் ஆஸ்திரியாவை வென்றிருக்க முடியாது. தெற்குப் பகுதியைப் பெற்றுத் தந்தது கரிபால்டியின் படை. மத்திய இத்தாலியிலும் தெற்கிலும் இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்தவை 1860இன் பொதுவாக்கெடுப்புகள். அரண்மனையின் பங்கு இவற்றை எல்லாம் சட்டமாக்கி, ஒரே நாட்டுக்குள் கொண்டுவர ஓர் அமைப்பைத் தயாராக வைத்திருந்தது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தனியாகப் போதவும் போதாது.

1861 ஜனவரி கடைசியில் புதிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. உறுப்பினர்கள் 443 பேர். பழைய நடனக் கூடம் எந்த வகையிலும் தாங்காது. அதனால் பொறியாளர் பெய்ரோனின் திட்டப்படி முற்றத்தில் தற்காலிக மண்டபம் எழுந்தது. பிப்ரவரி 18 அன்று அரசர் அங்கே வந்து தொடக்க உரை ஆற்றினார். இசையமைப்பாளர் வெர்டியும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர். அரசருக்கு "இத்தாலியின் அரசர்" என்ற பட்டம் தரும் மசோதாவை மேலவை பிப்ரவரி 26 அன்று ஏற்றது; எதிர்த்தவர்கள் இரண்டே பேர். பிரதிநிதிகள் சபை மார்ச் 14 அன்று ஒருமனதாக ஏற்றது. தேதியைக் கவனியுங்கள்: அது அரசரின் 41வது பிறந்தநாள். அவர் பிறந்த வீட்டின் முற்றத்தில் வாக்கெடுப்பு. மூன்று நாள் கழித்து, மார்ச் 17 அன்று, அது சட்டமானது. ஒரே ஒரு பிரிவு: அரசர் இரண்டாம் விட்டோரியோ எமானுவேலே தமக்கும் தம் வாரிசுகளுக்கும் இத்தாலியின் அரசர் என்னும் பட்டத்தை ஏற்கிறார். அவ்வளவுதான்.

இப்போது சந்தேகப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். ஒரு புதிய நாடு பிறந்ததா, பியட்மாண்ட் தன் எல்லையை நீட்டிக்கொண்டதா? வரலாற்றாசிரியர்கள் இதில் இன்றுவரை ஒன்றுபடவில்லை. ஆவணங்களைப் பார்த்தால் இரண்டாவது பக்கத்துக்கும் வலு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் எண் 4671. அது சார்டினியா அரசின் பழைய வரிசை எண். இத்தாலி அரசின் முதல் எண்ணுள்ள சட்டம் ஏப்ரல் 21 அன்றுதான் வந்தது. அதில்தான் அரசர் "கடவுளின் அருளாலும் தேசத்தின் விருப்பத்தாலும்" ஆள்கிறார் என்ற வாசகத்தைச் சேர்த்தார்கள். அரசர் "முதலாம்" என்று எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. "இரண்டாம்" விட்டோரியோவாகவே நீடித்தார். இத்தாலியின் முதல் நாடாளுமன்றத்தை எட்டாவது நாடாளுமன்றம் என்றே எண்ணினார்கள், ஏனென்றால் ஏழு ஏற்கெனவே பியட்மாண்டில் முடிந்திருந்தன. 1848இன் அரசியலமைப்பை அப்படியே நாடு முழுமைக்கும் நீட்டினார்கள். புதிதாக எழுத அரசியல் நிர்ணய சபை எதுவும் கூடவில்லை. அந்த அரசியலமைப்பு 1948 வரை செல்லுபடியானது. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். அடுத்த சில ஆண்டுகள் தெற்கில் நடந்த கொள்ளைக் கலகங்களும், அவற்றை அடக்க 1863இல் வந்த கடுமையான சட்டமும் அந்தக் கசப்பின் ஒரு பகுதி.

"தேசத்தின் விருப்பம்" என்பதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இருந்தவர்கள் மக்கள்தொகையில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 25 வயது நிறைந்த, எழுதப் படிக்கத் தெரிந்த, ஆண்டுக்கு 40 லிரா வரி கட்டுகிற ஆண்களுக்கு மட்டும் வாக்கு. ஒருமனதான அந்த வாக்கெடுப்புக்குப் பின்னால் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். அப்புறம், பாரதியார் பாடியதால் நமக்கெல்லாம் நெருக்கமான மாஜினி அந்த மண்டபத்தில் இல்லை. முடியாட்சி கூடாது, மக்களாட்சிதான் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் நின்றவர் அவர். பியட்மாண்டின் நீதிமன்றங்கள் அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தன. ஒன்றுபட்ட இத்தாலி என்ற எண்ணத்தை ஒரு தலைமுறை இளைஞர்களின் மனத்தில் விதைத்தவருக்கு அது நிறைவேறிய சபையில் இடம் இல்லை. எனக்கு இது இன்றும் வருத்தம் தருகிற விஷயம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பழைய மண்டபத்தில் காவூர், கரிபால்டி போன்றவர்களின் இருக்கைகளை மூவண்ண அடையாளம் வைத்துக் காட்டுவார்கள். அதைப் பார்ப்பவர்கள், கரிபால்டிக்கும் காவூருக்கும் நடந்த புகழ்பெற்ற மோதல் அங்கே நடந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அது 1861 ஏப்ரல் 18 அன்று முற்றத்துத் தற்காலிக மண்டபத்தில் நடந்தது. கரிபால்டி சிவப்புச் சட்டையும் அதன் மேல் போர்வை போன்ற மேலங்கியுமாக உள்ளே வந்தார். தன் தெற்குப் படையைக் கலைத்த விதத்தைக் கண்டித்து, அரசு சகோதர யுத்தத்தைத் தூண்டப் பார்த்தது என்று காவூரை நோக்கிக் குற்றம் சாட்டினார். கூச்சல் எழுந்து அவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. நாட்டுக்கு வயது ஒரு மாதம். ஜூன் 6 அன்று காவூர் இறந்துவிட்டார்.

பெரிய மண்டபம் ஏன் காலியாகவே இருந்தது என்பதற்கும் காரணம் அதே தற்காலிக மண்டபத்தில்தான் இருக்கிறது. சட்டம் வந்த பத்தாவது நாள், மார்ச் 27 அன்று, காவூரின் பேச்சுக்குப் பிறகு சபை ரோம் நகரமே இத்தாலியின் தலைநகராக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ரோம் அப்போது போப்பின் கையில், பிரெஞ்சுப் படையின் காவலில் இருந்தது. டூரின் தற்காலிகத் தலைநகர்தான் என்பதை டூரினில் கூடிய சபையே சொல்லிவிட்டது. ஆனாலும் அரண்மனையின் பின்பக்கம் புதிய பகுதி ஒன்றைக் கட்டும் வேலை 1864இல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியனுடன் ஓர் உடன்பாடு: பிரெஞ்சுப் படை ரோமை விட்டு வெளியேறும், இத்தாலி தலைநகரைப் புளோரன்ஸுக்கு மாற்றும். செய்தி கசிந்ததும் டூரின் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 21, 22 தேதிகளில் துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாட்டைத் தந்த ஊர் என்று பெருமைப்பட்டவர்கள் மீதே அந்த நாட்டின் படை சுட்டது. 1865இல் நாடாளுமன்றம் போய்விட்டது. கட்டட வேலை மட்டும் 1871 வரை நடந்து முடிந்தது. அந்த மண்டபம் இன்று அரண்மனையில் உள்ள அருங்காட்சியகத்தின் ஒரு கூடம்.

அங்கே அடிக்கடி காதில் விழும் இரண்டு வாசகங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். "இத்தாலியை உருவாக்கிவிட்டோம், இனி இத்தாலியரை உருவாக்க வேண்டும்" என்று, காவூருக்கு முன் பியட்மாண்டின் பிரதமராக இருந்த மாசிமோ தசேலியோ சொன்னதாகச் சொல்வார்கள். அதை ஒத்த கருத்து அவருடைய நினைவுக்குறிப்புகளில் உண்டு. நாம் கேட்கும் அந்தக் கச்சிதமான வடிவம் பின்னால் வந்தவர்கள் சுருக்கியது. 1859 ஏப்ரலில் சபையை விட்டு வெளியே வந்த காவூர், "பியட்மாண்டின் கடைசிக் கூட்டத்திலிருந்து வருகிறேன், அடுத்தது இத்தாலியின் கூட்டம்" என்று சொன்னதாக இன்னொன்று. அது பிறர் சொல்லிக் கேட்டது; அவைக் குறிப்பில் வருவதில்லை. ஜெர்மனியோடு ஒப்பிட்டு, ஜெர்மன் பேரரசை அறிவித்த இடமான பிரான்சின் வெர்சாய் அரண்மனையையும் சிலர் இழுப்பார்கள். 1871 ஜனவரி 18 அன்று அங்கே நடந்தது தோற்ற நாட்டின் அரண்மனையில் இளவரசர்களும் படை அதிகாரிகளும் கூடி எடுத்த விழா. கரிஞானோவில் நடந்தது, குறை எவ்வளவு இருந்தாலும், சொந்த ஊரில் வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கடைசியாக மகளின் பாடப்புத்தகம். அதில் தவறு இல்லை. கேள்வி எது என்பதைப் பொறுத்து விடை மாறும். இத்தாலி அரசு எப்போது உருவானது என்று கேட்டால் 1861 மார்ச் 17. வெனிஸ் 1866இல் சேர்ந்தது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. மறு ஆண்டு ரோம் தலைநகரானது. ஒருங்கிணைப்பு எப்போது முடிந்தது என்று தேர்வில் கேட்டால் 1870 என்றே எழுதச் சொல்லுங்கள், பள்ளிப் பாடங்களில் அதுதான் வழக்கம். ட்ரென்டோவும் ட்ரியெஸ்டேயும் முதல் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தன என்பதால், சில இத்தாலியர்கள் 1918 என்றும் சொல்வார்கள்.